வணிகப் பத்திரிகையை நம்மட பக்கம் யார் வாசிக்கிறார்கள்? விளம்பரம் போடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடை கடையாக ஏறி இறங்கிப் பத்திரிகை விளம்பரம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கொழும்பு வணிகப் பத்திரிகைக்காரர்கள் விலைப்பட்டியலோடு "வாசகர் விவரம்" என்று வழவழப்பான ஒரு தாளும் அனுப்புவார்கள். அதில் ஒரு வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி நிறம் தீட்டியிருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீதம். அதை மேசையில் வைத்ததும் முதலாளிமார் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். வாய் வலிக்கச் சொல்லிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிப் போடுகிறேன். நான் கொமிஷனில் பிழைக்கிறவன். அதையும் மனதில் வைத்துக்கொண்டே வாசியுங்கள்.

வாசகர் விவரம் என்றால் என்ன?

ஒரு பத்திரிகையை வாசிக்கிறவர்கள் எந்த வயதினர், ஆணா பெண்ணா, என்ன படித்தவர்கள், என்ன தொழில், வீட்டுக்கு எவ்வளவு வருமானம், எந்த ஊர் என்று கேட்டறிந்து தொகுத்த படம். வாசகருக்காகச் செய்த தாள் அல்ல அது. பத்திரிகை வாசகருக்குச் செய்தியை விற்கிறது, நமக்கு வாசகரை விற்கிறது. அந்தச் சரக்கின் சாம்பிள்தான் இந்தத் தாள். நெல் வாங்கப் போனால் சாக்கைக் குத்தி நாலு மணி எடுத்துக் கடித்துப் பார்ப்போமே, இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பொதுப் பத்திரிகை "எத்தனை பேர்" என்று பேசும். வணிகப் பத்திரிகைக்கு அந்தப் பேச்சு வாய்க்காது. பொதுப் பத்திரிகைக்குப் பக்கத்தில் அதன் வாசகர் தொகை சிறியது. ஆகவே அது "எப்படிப்பட்டவர்" என்று பேசும். பழைய தந்திரந்தான். 1888இல் லண்டனில் தொடங்கிய ஃபைனான்ஷியல் டைம்ஸ், தான் நேர்மையான நிதியாளருக்கும் உண்மையான முதலீட்டாளருக்கும் மரியாதையான தரகருக்கும் நண்பன் என்று சொல்லிக்கொண்டே வெளிவந்தது. வாசகர் விவரத்தை அப்போதே பெயர்ப்பலகையாக மாட்டிவிட்டார்கள். 1893இல், போட்டிப் பத்திரிகையிலிருந்து தனியே தெரிய வேண்டும் என்று, தாளின் நிறத்தையும் இளஞ்சிவப்பாக்கினார்கள். இந்தியாவின் எகனொமிக் டைம்ஸ் உட்படப் பல வணிகப் பத்திரிகைகள் பின்னால் அந்த நிறத்தை எடுத்துக்கொண்டன. கையில் அந்த நிறத் தாள் இருந்தால் ஆள் யார் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும், வாசிக்கிறாரோ இல்லையோ.

விற்பனையும் வாசகர் தொகையும் ஒன்றுதானே?

இல்லை. அச்சடித்தது ஒரு கணக்கு, ஏஜெண்டுக்கு அனுப்பியது ஒரு கணக்கு, விற்றது ஒரு கணக்கு, வாசித்தவர் இன்னொரு கணக்கு. ஏஜெண்டின் கட்டில் விற்காமல் மிஞ்சுவதை ரிட்டர்ன் என்று கட்டித் திருப்பி அனுப்புவார்கள். "இத்தனை ஆயிரம் போகிறது" என்று யாராவது சொன்னால், ரிட்டர்ன் கழித்தா கழிக்காமலா என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றுக்கே சிலருக்குக் குரல் மாறும்.

வணிகப் பத்திரிகைகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஹோட்டல், விமானம், பெரிய கொம்பனிகளின் வரவேற்பறை என்று மொத்தமாகக் கொடுக்கிற பிரதிகள். இவற்றைத் தனி வரியில் காட்டுவதுதான் ஒழுங்கான கணக்குத் தணிக்கை. அறுகம்பேயில் ஒரு ஹோட்டலில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகையும் கையுமாக அலைக்கு இறங்கிப் போகிற காலை நேரத்தில், மடிப்புக் குலையாத மூன்று ஆங்கில வணிகப் பத்திரிகைகள் மேசையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பின்னேரம் திரும்பி வரும்போதும் அப்படியே கிடந்தன.

ஒரு பிரதியை எத்தனை பேர் வாசிப்பார்கள்?

ஆய்வில் கிடைத்த வாசகர் தொகையை விற்ற பிரதிகளால் வகுத்தால் ஒரு எண் வரும். அது சராசரி. வீட்டுக்கு எடுக்கிற பிரதிக்கு ஒன்றோ இரண்டோ பேர், சலூனில் கிடக்கிற பிரதிக்கு இருபது பேர். அந்த எண்ணை விட அது எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்பதுதான் நமக்குப் பிரயோசனம்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு மாதம் இரண்டு தரம் போவேன். தராசு அறைக்கு ஒரே ஒரு பத்திரிகை வாங்குகிறார்கள். காலையில் முதலாளி நின்றபடியே முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். கணக்குப் பார்க்கிற தம்பி நடுத்தாளை உருவி டொலர் விலையையும் வங்கி வட்டியையும் பழைய பற்றுச்சீட்டு ஒன்றின் பின்புறம் எழுதிக்கொள்வார். லொறி ஓட்டுபவர்களுக்கு டீசல் விலை இருக்கிற துண்டு போதும். அதற்குப் பிறகு, நெல் கொண்டுவந்த வேளாண்மைக்காரர் ஒருவர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார். "அரிசி இறக்கப் போறானுகள் எண்டு போட்டிருக்காமே, வாசி மனே" என்பார். தம்பி உரக்க வாசிக்க, சாக்கில் சாய்ந்திருக்கிற நாலைந்து பேரும் கேட்பார்கள். பின்னேரம் அதே தாள் நாலாக மடிந்து கலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடக்கும்.

இதில் வாசகர் எத்தனை பேர்? ஆய்வுக்காரர் வீட்டு வாசலில் போய்க் கேட்டால் அந்த வேளாண்மைக்காரர், "நான் பேப்பர் பாக்கிறல்ல" என்றுதான் சொல்லுவார். ஆனால் நெல்லை அன்றைக்கே தள்ளிவிடுவதா, வீட்டில் அடுக்கி வைப்பதா என்று அவர் தீர்மானித்தது அந்தத் தாளில் இருந்ததைக் கேட்டுத்தான். வாசிக்கிறவரை எண்ணுகிறார்கள், வாசிக்கக் கேட்கிறவரை விட்டுவிடுகிறார்கள். நம் பகுதி வாசகர் விவரத்தில் இதுதான் பெரிய ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

இந்த எண்களை யார் எடுக்கிறார்கள்? நம்பலாமா?

பிரதிகளை எண்ணுவது ஒரு வேலை. அதற்கென்று விற்பனைக் கணக்கைத் தணிக்கை செய்யும் சபைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1914இலும் பிரித்தானியாவில் 1931இலும் இந்தியாவில் 1948இலும் தொடங்கப்பட்டவை. அச்சகக் கணக்கு, தாள் வாங்கிய பில், ஏஜெண்ட் கட்டிய காசு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். இந்தியாவில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சான்றிதழ்.

வாசகரை எண்ணுவது வேறு வேலை. பிரதியைப் போல அவரைக் கட்டி வைத்து எண்ண முடியாது, கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்டால் ஆட்கள் கூட்டிச் சொல்லுவார்கள். "நீங்கள் வணிகப் பத்திரிகை வாசிப்பீர்களா?" என்று கேட்டால், பக்கத்தில் மருமகன் நிற்கிற நேரத்தில் யார் இல்லை என்பார்? அதனால் நல்ல ஆய்வில் பத்திரிகையின் தலைப்பு அச்சிட்ட அட்டையைக் காட்டி, "இதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். நாளேடு என்றால் நேற்றுப் பார்த்தவர்தான் சராசரி வாசகர் கணக்கில் சேருவார். கடந்த ஒரு மாதத்தில் எப்போதாவது பார்த்தவர் எல்லோரையும் சேர்த்து "மொத்த வாசகர்" என்று இன்னொரு கணக்கும் உண்டு. அது பல மடங்கு பெரிதாக இருக்கும். தாளில் எதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வு சறுக்குவதற்குப் பக்கத்து நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2014 தொடக்கத்தில் இந்திய வாசகர் ஆய்வின் 2013 முடிவுகள் வந்தபோது பெரிய பத்திரிகை நிறுவனங்கள் கூட்டாக எதிர்த்து அறிக்கை விட்டன. அவர்கள் காட்டிய வேடிக்கைகளில் ஒன்று வணிகப் பத்திரிகை பற்றியது. பிஸ்னஸ் லைன் பத்திரிகைக்குச் சென்னையை விட மணிப்பூரில் மூன்று மடங்கு வாசகர்களாம். சென்னை அந்தப் பத்திரிகையின் சொந்த ஊர். நாக்பூரின் ஹிதவாத பத்திரிகைக்குச் சான்றளித்த விற்பனையே 60,000 பிரதிக்கு மேல். ஆய்வில் அங்கே ஒரு வாசகர்கூட அகப்படவில்லை. கோடிக்கணக்கில் காசு புழங்குகிற சந்தையிலேயே இப்படி என்றால், கிழக்கு மாகாணத்துக்கு என்று ஒரு துண்டு வெட்டித் தருகிற தாளை எவ்வளவு தூரம் உரசிப் பார்க்க வேண்டும்?

தாளின் அடியில் எறும்பு எழுத்தில் இருப்பதைத்தான் நான் முதலில் வாசிப்பேன். ஆய்வைச் செய்தது யார், எந்த ஆண்டு, மொத்தம் எத்தனை பேரைக் கேட்டார்கள், அதில் கிழக்கில் எத்தனை பேர். இதில் ஒன்று குறைந்தாலும் விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைப்பேன்.

"எங்கள் வாசகரில் எழுபது வீதம் முடிவெடுப்போர்" என்று போட்டிருக்கிறதே?

இந்த வரியால் நான் ஒரு தரம் மானங்கெட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. மருதமுனையில் கைத்தறி முதலாளி ஒருவர், சாரனும் சேலையும் நெய்விப்பவர். இந்த வீதத்தைக் காட்டியே அவருக்குக் கொழும்பு ஆங்கில வணிகப் பத்திரிகை ஒன்றில் கால் பக்கம் எடுத்துக் கொடுத்தேன். வந்தது இரண்டு அழைப்பு. ஒன்று இன்னொரு விளம்பரக்காரர். மற்றது காப்புறுதி விற்கிற ஒரு பிள்ளை. அடுத்த மாதம் காசு வாங்கப் போனபோது முதலாளி திட்டவில்லை, தேத்தண்ணி தந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, அந்த எழுவது வீதத்துல நம்மட சாரன் உடுக்கிற ஆள் எத்தின?"

இன்று வரை என்னிடம் கேட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. வாசகரில் எத்தனை வீதம் வியாபாரிகள் என்பது ஒன்று. வியாபாரிகளில் எத்தனை வீதம் வாசகர் என்பது வேறொன்று. சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நகரில் அந்தப் பத்திரிகைக்கு 200 வாசகர், அதில் 120 பேர் வியாபாரிகள். தாளில் "60 வீதம் வியாபாரிகள்" என்று பளபளக்கும். நகரில் மொத்தம் 6,000 வியாபாரிகள் இருந்தால் அவர்களில் 2 வீதத்தைத்தான் உங்கள் விளம்பரம் எட்டும். இரண்டு எண்ணும் உண்மைதான். முதலாவதை அச்சடிப்பார்கள், இரண்டாவதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

அதோடு இன்னொரு கணக்கு. 400 பேரைக் கேட்டால் முடிவு ஏறக்குறைய 5 வீதம் அங்கே இங்கே போகலாம் என்பது புள்ளிவிபரக்காரர் சொல்கிற பொது விதி. ஆனால் அந்த 400 பேரில் வணிகப் பத்திரிகை வாசிப்பவர் 20 பேர்தான் என்றால், வட்டப் படம் முழுவதும் அந்த 20 பேரை வைத்து வரைந்தது. 20 பேருக்குப் பிழை 22 வீதம் வரை போகும். அப்படியானால் எழுபது என்பது நாற்பத்தெட்டாகவும் இருக்கலாம். இதை வங்கியில் வேலை செய்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.

வாசகரின் சராசரி வருமானம் பெரிய தொகையாக இருக்கிறதே?

சராசரி என்பது தேத்தண்ணிக் கடைக்குள் பெரிய ஆலை முதலாளி ஒருவர் நுழைந்தால் அங்கே இருக்கிற எல்லோரையும் பணக்காரராக்கிவிடுகிற எண். எல்லோரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கிறவரின் வருமானம் என்ன என்று கேளுங்கள்.

வருமானத்தை நேரே கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. இந்தியாவில் அதற்காகப் பிரதான உழைப்பாளியின் படிப்பையும் வீட்டில் உள்ள பொருட்களையும் வைத்து வீடுகளைத் தரம் பிரிக்கிறார்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கார் என்று பதினொரு பொருள் கொண்ட அந்தப் பட்டியலில் விவசாய நிலமும் ஒன்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. கொழும்பில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, ஏர்கண்டிஷன் இல்லாத ஓட்டு வீட்டில் சாரனோடு சாய்மனைக் கதிரையில் இருக்கிற, பெரிய வயற்காரரான போடியாருக்கு எத்தனை ஏக்கர் வயல் வட்டை இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சரி, நம்மட பக்கம் உண்மையில் யார் வாசிக்கிறார்கள்?

இது ஆய்வு அல்ல, தெருவில் நடந்து நான் கண்டது. ஆங்கில வணிக நாளேடு என்றால் டெய்லி எஃப்.டி. போன்றவை, அவற்றைக் காசு கொடுத்து எடுப்பவர் நம் நகரங்களில் குறைவு. வங்கிகளின் கிளைகள், கணக்காளர் காரியாலயங்கள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழக விரிவுரையாளர் சிலர். மற்றவர்களுக்கு வணிகச் செய்தி தமிழ் நாளேட்டின் உள்பக்கத்தில் கிடைப்பதுதான். ஆகவே "வணிகப் பத்திரிகை வாசகர்" என்பதை "வணிகப் பக்க வாசகர்" என்று மாற்றிக் கேட்டால் நம் பக்கம் படம் வேறாகிவிடும்.

அதில் முதல் ஆள் கொந்தராத்துக்காரர். பாடசாலைக் கட்டடம், தெரு, மதகு என்று கேள்வி (டெண்டர்) அறிவித்தல் எங்கே வந்தாலும் அவர் கண்ணில் படும். செய்தியை அவர் பார்ப்பதேயில்லை. பத்திரிகையைக் கையில் எடுத்தால் பின்னாலிருந்துதான் விரிப்பார்.

இரண்டாவது ஆள் காணி பார்க்கிறவர். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். பராட்டே என்று ஊரில் சொல்வது இதைத்தான். அந்தத் தீர்மானத்தை அரசாங்க வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நாளேடுகளிலும் போட வேண்டும். அந்த அறிவித்தலை வாசிக்கிறவர் இரண்டு சாதி. வாங்க நினைப்பவர் ஒரு சாதி. அயலவர் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பவர் மற்றச் சாதி, அவர்தான் கூட. இருவரும் மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார்கள். எந்த விளம்பரத்துக்கும் கிடைக்காத வாசிப்பு அது.

பிறகு உயர்தரப் பரீட்சைக்கு வர்த்தகப் பிரிவில் படிக்கிற பிள்ளைகள். பொருளியல் ஆசிரியர் பணவீக்கம், வட்டி என்று வருகிற துண்டை வெட்டி ஒட்டச் சொல்லுவார். வீட்டில் பத்திரிகை எடுப்பதே இந்தப் பிள்ளைக்காகத்தான் என்கிற வீடுகளை எனக்குத் தெரியும். ஆய்வில் "15 வயது முதல் 19 வரை, வருமானம் இல்லை" என்று அந்தப் பிள்ளையைக் கடைசி வரியில் தள்ளிவிடுவார்கள்.

ஓய்வுபெற்றவர்கள் நிலையான வைப்பின் வட்டிக்காக. வாகனம் விற்கிறவர்கள் இறக்குமதி வரிக்காக; 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தபோது அவர்களுக்கு அந்தப் பக்கமே வேதம். பங்குச் சந்தைப் பொடியன்கள் புதிதாக முளைத்திருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பத்திரிகை வேண்டாம்: சந்தை பின்னேரம் 2.30க்கு மூடுகிறது, விலை போனில் வந்துவிடும், தாள் இங்கே வந்து சேர அடுத்த நாள் காலை.

பெண்கள் வாசிப்பதில்லையா? தாளில் மிகச் சிறிய துண்டாக இருக்கிறதே.

யாரிடம் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டுத் தலைவர் யார் என்று கேட்டு அவரையே உட்காரவைத்துக் கேட்டால் ஆண்தான் வருவார். நம் வீடுகளில் அடைவு வைப்பது, மீட்பது, சீட்டுப் பிடிப்பது, வெளிநாட்டிலிருந்து வருகிற காசை மாற்றுவது எல்லாம் பெரும்பாலும் யார் கையில் என்று உங்களுக்கே தெரியும். பவுண் விலை எத்தனை ஏறியது என்று கல்முனைச் சந்தையில் மீன் வாங்குகிற எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். தாளைத் தொடாமலே சொல்லுவார். முஸ்லிம் ஊர்களில் பெண் ஆய்வாளர் போகாவிட்டால் அந்தப் பதில் கதவுக்குள்ளேயே நின்றுவிடும்.

2022 நெருக்கடிக்குப் பிறகு வாசகர் மாறினார்களா?

மாறினார்கள். சரியாகச் சொன்னால் அதற்கு ஒரு வருடம் முன்பே. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோதுதான் வர்த்தமானி என்ற சொல் வட்டைக்குள் இறங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை அரசாங்கம் நிறுத்தியது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. பின்னால், அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்க விற்கிற 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்துக்கு மேல் போனது. அதுவரை திறைசேரி உண்டியல் என்று கேள்விப்பட்டிராத அதிபர்மாரும் மீன்வாடி முதலாளிமாரும் புதன்கிழமை ஏல முடிவை என்னிடம் கேட்டார்கள். நான் விளம்பரக்காரன், எனக்கு என்ன தெரியும்? நானும் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கினேன்.

வேடிக்கை என்னவென்றால், வாசகர் கூடிய அந்த நேரத்தில்தான் தாள் இல்லாமல் போனது. 2022 மார்ச்சில் ஐலண்ட், திவயின நாளேடுகள் இரண்டும் சனிக்கிழமை அச்சை நிறுத்தின. எங்கள் வாழைச்சேனையில் 1950களில் வைக்கோலிலிருந்து தாள் செய்ய என்று கட்டிய ஆலை இருக்கிறது என்பதை அப்போது சிலர் நினைவுபடுத்திப் பெருமூச்சு விட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெருக்கடி ஆண்டில் எடுத்த ஆய்வை வைத்து இன்றைக்கு விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்று பயத்தில் வாசித்தவர் எல்லோரும் இன்றும் வாசிக்கிறார் என்று இல்லை.

ஒன்லைனில் இலட்சக்கணக்கில் வாசகர் என்கிறார்களே?

காலையில் போனில் பார்த்து, கடையில் கணினியில் பார்த்து, இரவு மகனின் டெப்பில் பார்த்தால் நீங்கள் மூன்று பேர். மறுபக்கம், பத்திரிகையின் பிடிஎஃபை யாரோ ஒருவர் வட்ஸ்அப் குழுவில் போட, அதை நானூறு பேர் திறந்து பார்த்தால் கணக்கில் ஒருவரும் இல்லை. ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். இரண்டும் ஒன்றை ஒன்று ஈடு செய்யும் என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். தராசுத் தட்டில் கல்லும் பிழை, நெல்லும் ஈரம் என்றால் எடை சரியாகிவிடுமா?

காசு கட்டி வாசிப்பவர் தொகை மட்டும் ஓரளவு நம்பலாம், ஏனென்றால் கட்டின கணக்கு இருக்கும். ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2019இல் பத்து இலட்சம் கட்டண வாசகரைத் தாண்டியபோது முக்காற்பங்குக்கு மேல் டிஜிட்டல். அதற்கு நாலு வருடம் முன்பு ஜப்பானின் நிக்கேய் நிறுவனம் 84.4 கோடி பிரித்தானியப் பவுணுக்கு அதை வாங்கியது அச்சு இயந்திரத்துக்காக அல்ல, அந்தப் பெயர்ப்பட்டியலுக்காக என்பது என் ஊகம். உங்களிடம் வருகிறவரிடம் "உங்கள் ஒன்லைன் வாசகரில் திருக்கோவிலிலிருந்து எத்தனை பேர்?" என்று கேளுங்கள். கணினியில் ஊர் ஓரளவுதான் தெரியும், சரியாக இராது. அந்த ஓரளவைக்கூடச் சொல்லாவிட்டால் தர மனமில்லை.

அப்படியானால் என் கடைக்கு வணிகப் பத்திரிகையில் விளம்பரம் போடலாமா?

சில்லறைக்கு விற்கிறீர்கள் என்றால் வேண்டாம். இதை எழுதும்போது என் கொமிஷன் போகிறது, போகட்டும். காத்தான்குடியில் பெருநாள் உடுப்பு விற்கிறவருக்கு ஊர்க் கேபிளும் பேஸ்புக்கும் போதும்.

கொழும்பு வியாபாரிக்கு மொத்தமாக விற்கிறீர்கள், அரிசியோ கருவாடோ கைத்தறியோ ஏற்றுமதிக்கு ஆள் தேடுகிறீர்கள், அறுகம்பே ஹோட்டலுக்கு முதலீட்டாளர் வேண்டும், காணி பெரிதாக விற்க வேண்டும் என்றால் யோசிக்கலாம். அப்போது உங்களுக்கு வேண்டியது கிழக்கு வாசகரே அல்ல, கொழும்பு வாசகர். தாளில் உள்ள எழுபது வீதம் அங்கே ஓரளவு உண்மை. மருதமுனை முதலாளிக்கு நான் செய்த பிழையும் அதுதான்: பத்திரிகை பிழையில்லை, விளம்பரத்தில் "சாரன் ஒன்றின் விலை" என்று போட்டது பிழை. "மொத்தமாக நெய்து தரப்படும்" என்று போட்டிருக்க வேண்டும்.

நானே என் வாடிக்கையாளரிடம் கேட்டு அறிய முடியுமா?

முடியும், ஒரு கொப்பியும் இரண்டு கிழமையும் போதும். கடைக்கு வருகிற ஒவ்வொரு ஐந்தாவது ஆளிடமும் கேளுங்கள். தெரிந்தவரை மட்டும் பிடித்துக் கேட்டால் கணக்கு கெட்டுவிடும். "பேப்பர் வாசிப்பீங்களா?" என்று தொடங்காதீர்கள். "நேத்து ஏதும் பேப்பர் கையில எடுத்தீங்களா, எந்த இடத்துல?" என்று கேளுங்கள். வீடா, கடையா, சலூனா என்பது வயதை விடப் பெரிய தகவல். "அதுல என்ன பாத்தீங்க?" என்று அடுத்தது. ஒன்றும் நினைவில்லை என்பவரையும் எழுதிக்கொள்ளுங்கள், அவரைக் கணக்கிலிருந்து வெட்டிவிடக்கூடாது. கடைசியாக, யாரும் உங்களுக்கு வாசித்துச் சொன்னார்களா என்று கேளுங்கள். கொழும்புத் தாளில் இல்லாத அந்த நிரல் உங்கள் கொப்பியில் இருக்கும்.

விளம்பரம் போட்டால் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு போன் நம்பர் போடுங்கள். சிம் ஒன்றின் விலைதான் செலவு.

வடை சுற்றி வந்த தாளை வாசித்தால் நானும் வாசகரா?

சிரிக்காதீர்கள், செங்கலடியில் ஒருவர் உண்மையாகவே கேட்டார். பிரித்தானியாவின் தேசிய வாசகர் ஆய்வில் பல காலம் இருந்த விதி இது: எந்தத் திகதிப் பிரதியாக இருந்தாலும், யார் வாங்கியதாக இருந்தாலும், குறைந்தது இரண்டு நிமிடம் வாசித்தாலோ பார்த்தாலோ அவர் வாசகர். நாளேடு என்றால் அதை நேற்றுச் செய்திருக்க வேண்டும். அந்த விதிப்படி, எண்ணெய் ஊறின தாளில் போன மாதத்து வட்டி வீதத்தை வடை ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தால், நாளைக்கு ஆய்வுக்காரர் வரும்போது நீங்களும் கணக்கில் ஒருவர்.